கை ஊன்றாமல் எழுந்த கதை

நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் நம் நெஞ்சங்களில் நிமிர்ந்து நிற்கும் தலைவர் ரெத்தினதாஸ் ஐயா அவர்களே, ஒரே விசிலில் இந்த வட்டாரத்துக் கிழவர்களையெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வெளியே இழுக்கும் ஓமனா டீச்சர் அவர்களே, பாறசாலையிலிருந்து வந்த பெரியோர்களே, நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த அதனினும் பெரியோர்களே, காஞ்சிரங்குளத்திலிருந்து பஸ் மாறி வந்த தாய்மார்களே, ஒற்றசேகரமங்கலத்து மேட்டிலிருந்து இறங்கி வந்த அக்காமார்களே, முட்டுவலி உள்ளவர்களே, முட்டுவலி இனி வரப்போகிறவர்களே, உங்கள் அத்தனை பேருக்கும், உங்களைத் தாங்கி வந்த கால்களுக்கும் என் வணக்கம்.

எலே மக்கா, மைக்கைக் கொஞ்சம் தாழ்த்து. போதும். இப்போது என் சத்தம் உதியன்குளங்கரை ஜங்ஷன் வரைக்கும் கேட்கும்.

இந்தக் காலை உடற்பயிற்சி வகுப்பின் ஆண்டுவிழாவில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'சாக்குப்போக்கா, பயிற்சியா?' என்பது. இதைப் பேச என்னைவிடத் தகுந்தவன் யார்? பயிற்சியில் நான் இன்னும் ஒன்றாம் வகுப்பு. சாக்குச் சொல்வதிலோ கல்லூரி நடத்தும் அளவுக்குப் படித்தவன்.

மலையாள மாதம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு சாக்கு உண்டு. இடவத்தில் மழை, நனைந்தால் சளி பிடிக்கும். கர்க்கடகத்தில் மருந்துக்கஞ்சி, குடித்தவன் உடம்பை அலட்டலாமா? சிங்கத்தில் ஓணம், ஓணத்துக்கு உண்பான் உண்டு, ஓடுவான் உண்டா? துலாமில் இடி. தனுவில் கிறிஸ்துமஸ் கேக். கும்பத்தில் கொடியேற்று. மீனத்தில் வெயில். மேடத்தில் மாம்பழம். மாம்பழம் எப்படி உடற்பயிற்சியைத் தடுக்கும் என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். அம்மா, நீங்கள் எங்கள் வீட்டு மாம்பழத்தைத் தின்று பார்க்கவில்லை.

இவையெல்லாம் சிறு சாக்குகள். பெரிய சாக்கு ஒன்று உண்டு. மரமில்லில் வேலை பார்த்தவன் நான். பலாத்தடியைத் தோளில் தூக்கிய உடம்பு இது. இனி எதற்குப் பயிற்சி என்று எவர் கேட்டாலும் சொல்வேன். தூக்கியது எப்போது? தூக்கிய தோள் இப்போது எங்கே? தடி கட்டிலாகி, கட்டிலில் படுத்த பிள்ளை வளர்ந்து, அந்தப் பிள்ளைக்கும் தலை நரைத்துவிட்டது. நான் இன்னும் அந்தத் தடியையே தூக்கிக்கொண்டிருந்தேன், வாயால்.

பொன்னப்பன் கடைசி வரிசையிலிருந்து கைதட்டுகிறார். பொன்னப்பனே, பொறு. உன் சாயாக்கடையும் இந்தக் கதையில் வருகிறது.

சென்ற வருடம் எங்கள் கல்யாண நாள் மாதம். எங்கள் பள்ளியில், சர்ச்சில்தான், ஒரு வழக்கம் உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தந்த மாதத்தில் கல்யாணம் ஆனவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோடியாகப் பீடத்தின் முன் வந்து முழங்காலில் நிற்க வேண்டும். ஆயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். ஜெபம் முடிந்ததும் எழுந்து இடத்துக்குப் போக வேண்டும். பிடித்துக்கொள்ள அங்கே கம்பி கிடையாது, சுவர் கிடையாது. ஒரு நீளப் படி, அதன் மேல் சிவப்பு மெத்தை. அவ்வளவுதான்.

நானும் என் மனைவி விமலகுமாரியும் முழங்காலில் நின்றோம். ஆயர் ஜெபித்தார். ஆமென் என்றார். சபையும் ஆமென் என்றது. என் முட்டு மட்டும் ஆமென் சொல்லவில்லை. மற்ற ஜோடிகள் எழுந்து போனார்கள். நான் வலப்பக்கம் சாய்ந்து பார்த்தேன், இடப்பக்கம் சாய்ந்து பார்த்தேன். கடைசியில் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து, ஏத்தன்குலையை வண்டியில் ஏற்றுவதுபோல என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு இறைச்சிக் கறி இறங்கவில்லை. ஏன் தெரியுமா? அடுத்த வருடம் எங்களுக்கு ஐம்பதாவது கல்யாண நாள். பொன்விழா. பிள்ளைகள் வருவார்கள், சம்பந்திகள் வருவார்கள், அமரவிளை தாண்டியிருக்கும் சொந்தமெல்லாம் வரும். அவர்கள் முன்னாலும் வாழைக்குலையாகவா நான் தூக்கப்படுவேன்? ஆயர் நல்லவர். அடுத்த முறை இரண்டு நாற்காலி போட்டுவிடலாம், உட்கார்ந்தே ஜெபம் வாங்கலாம் என்றார். கல்யாணத்தன்று முழங்காலில் நின்று வாங்கிய ஆசீர்வாதத்தைப் பொன்விழாவுக்கு நாற்காலியில் சாய்ந்து வாங்குவதா? முடியாது என்றேன். முழங்காலில் நிற்பேன், ஒருவர் கையும் படாமல் எழுவேன் என்று சபதம் போட்டேன். சபதம் போடுவதற்கு முட்டு வேண்டாமல்லவா?

இந்தத் துக்கத்தை என் கூட்டுக்காரன் தாணுமாலயனிடம் சொன்னேன். இதோ மேடைக்குக் கீழே, நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் அவர் கதை என் கதையைவிட மோசம். கோயில் நடையில், சந்நிதிக்கு நேர் முன்னால், சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டிருக்கிறார். விழுந்தது சுலபம். எழ முடியவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கண்ணை மூடி, நாமம் சொல்லிக்கொண்டே கிடந்திருக்கிறார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. இப்படி ஒரு பக்தியைக் கண்டதில்லை என்று பூசை செய்கிற சாந்திக்காரர் இரண்டாவது முறையும் பிரசாதம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"எலே, ஊரெல்லாம் என்ன சாமியாருண்ணு நெனைக்குவு. நமக்கு மட்டும்தான் தெரியும், அது முட்டாக்கும்" என்றார்.

ஆக, ஒருவனுக்குப் பள்ளி, ஒருவனுக்குக் கோயில். இருவருக்கும் ஒரே முட்டு. உடனே முடிவெடுத்தோம். மறுநாள் காலையிலிருந்து நடக்கத் தொடங்கினோம்.

ஆகா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

எங்கே நடந்தோம்? பொன்னப்பன் கடைக்கு நடந்தோம். எதற்கு நின்றோம்? களைப்பாற நின்றோம். களைப்பாறும்போது எதைக் கண்டோம்? எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த பழம்பொரியைக் கண்டோம். நடந்த உடம்புக்கு ஊட்டம் வேண்டாமா? ஆளுக்கு ஒன்று, ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று. தின்ற பிறகு நடந்தால் குடல் புரண்டுவிடும் என்று தாணுமாலயன் சொன்னார். கண்டக்டர் சொன்னால் கேட்க வேண்டும். ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தோம். இப்படிப் பல மாதம். எங்கள் மகன் நிஜின் துபாயிலிருந்து ஒரு ஷூவும், ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்ட ஒரு கால்சட்டையும் அனுப்பினான். ஊரே எங்களைப் பார்த்து மெச்சியது.

ஒருநாள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்று பார்த்தேன். எழ முடியவில்லை. பழைய முட்டு, பழைய மாதிரியே இருந்தது.

அன்பர்களே, அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சாக்கு எப்போதும் கட்டிலில் படுத்துக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். சில சாக்கு காலையிலே எழும். பல் தேய்க்கும். துபாய் ஷூ போடும். ஊர் பார்க்கக் கைவீசி நடக்கும். பயிற்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் சாக்கை யாரால் அடையாளம் காண முடியும்?

ஓமனா டீச்சரால் முடியும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, இதே வாசகசாலை ஹாலில் அப்போதுதான் வகுப்பு தொடங்கியிருந்தார். நாங்கள் இருவரும் நெஞ்சை நிமிர்த்திப் போய் நின்றோம். என்ன வேண்டும் என்றார். ஆரோக்கியம் வேண்டும் என்றோம்.

"அது எல்லாரும் சொல்லுததாக்கும் அண்ணன்மாரே. இப்ப செய்ய முடியாத ஒரு காரியம் சொல்லுங்க."

நான் பீடத்துப் படியைச் சொன்னேன். தாணுமாலயன் கோயில் நடையைச் சொன்னார். கூடவே நாங்கள் தினமும் நடப்பதையும் பெருமையாகச் சொன்னோம். டீச்சர் சிரிக்கவில்லை, வையவும் இல்லை.

"நடந்தா நடை நல்லா வரும். எழும்பணும்ணா எழும்பித்தான் படிக்கணும், கேட்டோ" என்றார்.

ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டச் சொன்னார். எழும்புங்கள் என்றார். கட்டிய கையோடு முயன்றேன். முகம் சிவந்தது, மூச்சு வந்தது, நான் வரவில்லை. நாற்காலிக்கு என்மேல் அப்படி ஒரு பிரியம் எப்போது வந்தது என்று தாணுமாலயன் கேட்டார். அடுத்து அவர் உட்கார்ந்தார். நாற்காலிக்கு அவர்மேலும் பிரியம்தான்.

அன்று தொடங்கியது பயிற்சி. நாற்காலியில் தலையணை அடுக்கி உயரமாக்கி, அதிலிருந்து எழும்பச் சொன்னார். அது வந்தது. ஒரு தலையணையை எடுத்தார். சில நாள் திணறி, அதுவும் வந்தது. தலையணை எல்லாம் போய், பிறகு பெஞ்சு. பெஞ்சு போய்ச் சாண் உயரக் குரண்டிப் பலகை. ஒவ்வொரு படியிலும் உடம்பு மாட்டேன் என்றது. ஒவ்வொரு படியிலும் டீச்சர், நேற்றும் இப்படித்தான் சொல்லிற்று என்றார். உற்சாகத்தில் நாங்கள் வீட்டில் ரகசியமாகக் கூடுதல் செய்து, மறுநாள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டுபோல வந்து சேர்ந்தோம். அப்போதுதான் அவர் வைதார். ஓய்வும் பயிற்சியில் சேர்த்தியாம். அவர் சொன்ன நாளில் செய்வதும், சொன்ன நாளில் சும்மா இருப்பதும், இரண்டுமே பாடமாம். சும்மா இருக்கிற பாடத்தில் நாங்கள் முதல் மார்க்கு வாங்கினோம்.

குரண்டிக்கும் கீழே ஒன்று வேண்டும் என்றபோது, வீட்டில் தேங்காய் துருவுகிற திருவலை கண்ணில் பட்டது. தரையோடு தரையாக இருக்கும். அதில் உட்கார்ந்து ஒரு மூடி துருவுவேன், கை ஊன்றாமல் எழுவேன், மறுபடி உட்காருவேன். வீட்டுத் தேங்காய் தீர்ந்தது. அக்கம்பக்கத்தார் தங்கள் தேங்காயைக் கொண்டுவந்து தந்தார்கள். காலையில் புட்டு, மத்தியானம் அவியல், தோரன், எரிசேரி, ராத்திரி மிச்சத் தோரன். இந்த மனுஷருக்கு முட்டு சரியாகும்போது எனக்குக் கொழுப்பு வந்துவிடும் என்று விமலா சொன்னாள்.

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு தந்திருக்கிறார். முன்பென்றால் எனக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருப்பேன். இப்போது படித்துவிட்டேனே, என்ன செய்ய? 'சுருக்குக' என்று எழுதியிருக்கிறார். சுருக்குகிறேன் ஐயா. அடுத்த கட்டத்தில் நீங்களே வருகிறீர்கள், உங்கள் பெருமையையும் சுருக்கிவிடவா? வேண்டாம் என்று தலையாட்டுகிறார்.

ஒருநாள் ஹாலின் பாயில் முழங்காலில் நின்று, ஒரு காலை முன்னே வைத்து, கை ஊன்றாமல் எழுந்தேன். வானத்துக்கும் எனக்கும் இடையில் ஒரு சாணகலம்தான் இருந்தது. பொன்விழாவுக்கு இன்னும் சில வாரம் உண்டு. அதற்குமுன் திருவிருந்து ஞாயிறு வந்தது. விமலா சளி என்று வீட்டில் இருந்துவிட்டாள். நான் கஞ்சி போட்ட புது முண்டு உடுத்து, ராஜாவைப் போலப் பீடத்துக்குப் போனேன். அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன். இப்போது எழ வேண்டும். வலது காலைத் தூக்கி முன்னே வைத்தேன்.

வைத்தேனா? வைத்தேன். எங்கே வைத்தேன்? என் முண்டின் கரைமேல் வைத்தேன்.

பல மாதமாகப் பயிற்சி செய்தது எதை உடுத்து? துபாய்க் கால்சட்டை. பள்ளிக்குப் போனது எதை உடுத்து? நம் ஊர் முண்டு. கால்சட்டைக்குக் கரை கிடையாது. மிதிக்க ஒன்றும் கிடையாது. முண்டு உடுத்தவன் தன் முண்டைத் தானே மிதித்தால், ஒன்று அவன் எழலாம், அல்லது முண்டு இடுப்பில் நிற்கலாம். இரண்டும் நடக்காது. நான் அரைகுறையாக எழும்போது பக்கத்தில் முழங்காலில் நின்ற ஒரு பெரியவர் என் காதோரம் குனிந்தார்.

"விஜயதாஸே, எழும்பாத. நீ மட்டும்தான் வருவ. முண்டு வராது."

அந்தப் பெரியவர்தான் இந்த விழாவின் தலைவர் ரெத்தினதாஸ் ஐயா. என் மானம் காத்த மகான். நன்றாகக் கைதட்டுங்கள். காலடியிலிருந்து கரையை அவர் உருவினார், நான் பின்னால் சரிந்து மெத்தையில் உட்கார்ந்தேன், பாடகர் குழு மறுபடியும் இறங்கி வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஜெபம் மாதிரி இல்லாத ஒரு சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். எனக்கு ஒரு புத்தம்புதிய சாக்கு பிறந்துவிட்டது. முட்டு சரி, மனசு சரி, முண்டுதான் துரோகி என்று வீட்டில் இருந்துகொண்டேன். வகுப்புக்குப் போகவில்லை. நாற்காலியே போடட்டும் என்று ஆயருக்குச் சொல்லி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். விமலாவும் சட்டென்று, "நாற்காலி போட்டா என்ன கொறஞ்சு போவும்? போடட்டும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கே என்மேல் நம்பிக்கை இல்லையே என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டேன்.

தாணுமாலயன் வந்து வாசலில் நின்றார். டீச்சர் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"நாள முண்டு உடுத்துட்டு வரணுமாம்."

போனேன். கால்சட்டையை மூட்டை கட்டிவிட்டு முண்டோடு பயிற்சி செய்தேன். இடது கையால் கொசுவத்தை ஒரு விரற்கடை தூக்கு, பிறகு காலை வை, பிறகு கையை விடு, பிறகு எழு. தாணுமாலயனின் பாயையும் டீச்சர் சுருட்டிவிட்டார். கோயிலில் பாயா விரித்திருக்கிறது என்றார். அவர் வெறுந்தரையில், வெற்றுடம்போடு விழுந்து எழுந்து படித்தார். எந்தக் களத்தில் நிற்கப் போகிறாயோ, அந்தக் களத்தின் தரையில், அந்தக் களத்தின் உடுப்பில் பயிற்சி செய். வேறொரு தரையில் ஜெயித்துவிட்டு வந்தால் சொந்தத் தரை நம்மைக் கவிழ்த்துவிடும்.

தாணுமாலயன் முந்திக்கொண்டார். நடையில் விழுந்து, கும்பிட்டு, அடுத்த மூச்சில் எழுந்து நின்றார். சாந்திக்காரர் பிரசாதத்தோடு வந்தபோது ஆளைக் காணோம். பக்தி குறைந்துவிட்டது என்று இப்போது கோயிலில் பேச்சு.

பொன்விழா ஞாயிறு வந்தது. பள்ளி நிறைய சனம். ஆயர் முன்னெச்சரிக்கையாக இரண்டு நாற்காலியை ஓரமாக வைத்திருந்தார். நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. விமலா பார்த்தாள். இருவரும் சிவப்பு மெத்தையில் முழங்காலில் நின்றோம். ஜெபம் முடிந்தது. ஆமென்.

இடது கையால் கொசுவத்தைத் தூக்கினேன். வலது காலை வைத்தேன். கையை விட்டேன். மார்பின்மேல் கட்டினேன்.

எழுந்தேன்.

பலாத்தடியைத் தூக்கிய நாளில்கூட எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. பின்வரிசையில் தாணுமாலயன் விட்ட பெருமூச்சு பீடம் வரை கேட்டது. பாடகர் குழுவில் இருவர் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார்கள். நான் வெற்றிவீரனாகத் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

அவள் எழவில்லை.

தலை குனிந்து, கண் மூடி, கை கூப்பி முழங்காலிலேயே நிற்கிறாள். எவ்வளவு உருக்கமான ஜெபம் என்று ஆயர் பின்வாங்கி நின்றார். சபையும் தலை குனிந்தது. ஆனால், அன்பர்களே, அந்த ஜெபம் எனக்குத் தெரியும். அந்த ஜெபத்துக்குள் நான் கிடந்திருக்கிறேன். தாணுமாலயன் கிடந்திருக்கிறார். நான் குனிந்தேன். கண்ணைத் திறக்காமல் அவள் சொன்னாள்.

"ஒரு கை தாருங்க."

கொடுத்தேன். எழுந்தாள். இடத்துக்கு நடக்கும்போது, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு முன்னாலயே ஆக்கும்" என்றாள்.

சென்ற வருடம் பாடகர் குழு என்னைத் தூக்கியபோது ஊரே என்னைப் பார்த்தது. அவள் யாருடைய தோளைப் பிடித்து எழுந்தாள் என்று யார் பார்த்தோம்? திருவிருந்தன்று அவளுக்கு எங்கே சளி? நாற்காலி போடட்டும் என்று அவள் சொன்னது எந்த முட்டுக்காக? என் ஆர்ப்பாட்டத்தின் நிழலில், சத்தமே இல்லாமல், என்னைவிட நன்றாக ஒருத்தி சாக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் முனைவர் என்றால் அவள் எனக்குப் பாடம் நடத்தியிருக்க வேண்டியவள்.

எதற்காகப் பயிற்சி என்று இப்போது யாராவது என்னைக் கேட்கட்டும். கண்ணாடியில் பார்த்து ரசிக்கவா? இந்த மேனியிலா? ஊர் மெச்சவா? ஊர் பழம்பொரி தின்ற நடையையும் மெச்சிற்றே. எழுவதற்கு என் கை எனக்குத் தேவைப்படாத அன்று, அந்தக் கை வேறொருவருக்குக் கொடுக்க மீதியாக இருந்தது. சென்ற வருடம் அவள் கேட்டிருந்தால் நான் எதைக் கொடுத்திருப்பேன்? என்னிடம் மீதி என்ன இருந்தது? அதற்காகச் செய்யுங்கள். மழையிலும் செய்யுங்கள், மாம்பழக் காலத்திலும் செய்யுங்கள். உங்களால் முடியாத அந்த ஒரு காரியம் எதுவோ அதைச் சொல்லிவிட்டு, அதையே செய்யுங்கள்.

மறுநாள் காலை ஓமனா டீச்சரின் ஹாலில் தலையணை அடுக்கிய நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தார். இன்று இரண்டாவது வரிசையில், நீலப்புடவையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. இனி வீட்டுக்குப் போனால் எனக்குத் தோரனே கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்லோரும் கையை மார்பின் குறுக்கே கட்டுங்கள். தலைவரே, நீங்களும்தான். பொன்னப்பா, தூணைப் பிடிக்காதே. எழ முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பக்கத்தில் எழுந்தவர் கை கொடுப்பார், நாளைக் காலையில் டீச்சர் தலையணை கொடுப்பார். இடம் தந்த வாசகசாலைக்கும், விசில் தந்த டீச்சருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்கள் காதுகளுக்கும் என் நன்றி.

விமலா, நீ முதலில்.

பாருங்கள். எல்லோரும் பாருங்கள். நான் இங்கே மேடையில் நிற்கிறேன், அவள் பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு கையும் மார்பில்தான் இருக்கிறது.

நின்றுவிட்டாள்.

வணக்கம்.